சேதுராமய்யர் முதல் ஜேம்ஸ் பாண்ட் வரை: தொடர் படங்களின் இசையமைப்பாளர் எப்படித் தேர்வாகிறார்?

பாறசாலை: திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. அதன்பின் களியக்காவிளையில் மாநிலம் மாறிவிடுகிறது. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நீடித்தது. சினிமா ரசனையைப் பொறுத்தவரை இந்த எல்லைக்கோடு பெரிதாகப் பொருட்படுத்தப்படவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்தக் கிராமங்களில் கமல்ஹாசன் படத்துக்கும் மம்மூட்டி படத்துக்கும் தனித்தனி ரசிகர் கூட்டம் கிடையாது. பெரும்பாலும் இரண்டையும் பார்ப்பவர்கள் ஒருவரே.

அந்த ரசிகர்களுக்கு 2022-ம் ஆண்டின் கோடைக்காலம் சற்று விசித்திரமானது. மே 1-ம் தேதி 'சிபிஐ 5: தி பிரெய்ன்' வெளியானது. 1988-ல் அறிமுகமான சேதுராமய்யர் என்ற புலனாய்வு அதிகாரி, 34 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே மம்மூட்டியின் உருவில் வந்தார். அடுத்த ஐந்து வாரங்களுக்குள், ஜூன் 3-ம் தேதி, 'விக்ரம்' வந்தது. 1986-ல் உளவாளியாகத் தோன்றிய விக்ரம் என்ற பாத்திரத்தை 36 ஆண்டுகளுக்குப் பிறகு கமல்ஹாசன் மீட்டெடுத்தார். இரு படங்களிலும் நாயகர் பழையவர், இசையமைப்பாளர் புதியவர். ஆனால் ஒருவர் பழைய மெட்டுடன் வந்தார். மற்றவருக்குப் புதிய முகப்பு இசை அமைந்தது.

நீண்டகாலம் தொடரும் உளவு, துப்பறியும் படங்களுக்கு இசையமைப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது எழும் முதன்மையான கேள்வி இதுதான். ஏற்கெனவே மக்கள் மனதில் பதிந்த மெட்டைக் காக்க ஒருவர் வேண்டுமா, அல்லது இயக்குநரின் கற்பனைக்குப் புதிய ஒலியைத் தர ஒருவர் வேண்டுமா? தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரே மாதிரியான விடையைத் தருவதில்லை.

சண்டையிடாத நாயகனுக்கு ஒரு மெட்டு

கே. மது இயக்கத்தில், எஸ்.என். சுவாமியின் எழுத்தில் 1988-ல் வெளியான 'ஒரு சிபிஐ டயரிக் குறிப்பு' கேரளத்தில் மட்டுமன்றித் தமிழகத்திலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. சென்னையில் மொழிமாற்றம் செய்யப்படாமலேயே நீண்ட நாட்கள் ஓடிய மலையாளப் படங்களில் அதற்குத் தனி இடம் உண்டு. அடுத்த ஆண்டே 'ஜாக்ரதா' வந்தது. பின்னர் 15 ஆண்டுகள் இடைவெளிவிட்டு 2004-ல் 'சேதுராமய்யர் சிபிஐ', 2005-ல் 'நேரறியான் சிபிஐ' ஆகியவை வெளியாயின. இந்த நான்கு படங்களுக்கும் இசை ஷ்யாம்.

கண்டிப்பாகச் சொன்னால் இது உளவுப் படத் தொடர் அல்ல. கொலை வழக்குகளை அவிழ்க்கும் துப்பறியும் தொடர். ஆயினும் ஒரே பாத்திரம், ஒரே நடிகர், ஒரே இயக்குநர், ஒரே எழுத்தாளர், ஒரே மெட்டு என்று இத்தனை காலம் நீடித்த தொடர் தென்னிந்தியாவில் வேறொன்றைக் காட்டுவது கடினம். ஜேம்ஸ் பாண்ட் படங்களில் இசை செய்யும் வேலையை நம் ஊரில் முழுமையாகச் செய்து காட்டியது இந்தத் தொடர்தான்.

சேதுராமய்யர் அடிதடியில் இறங்குவதில்லை. நெற்றியில் குங்குமம், முதுகுக்குப் பின்னால் கோத்த கைகள், அவசரமில்லாத நடை ஆகியவையே அவரது அடையாளம். முதல் படத்தின் புகழ்பெற்ற காட்சியே ஒரு பரிசோதனைதான். கீழே விழுந்து இறந்தவர் தானாகக் குதித்தாரா, தள்ளிவிடப்பட்டாரா என்பதை அறிய, கட்டடத்தின் மேலிருந்து ஒரு பொம்மையைப் போட்டுப் பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட படத்தில் நாயகனின் வீரத்தைச் சண்டைக் காட்சியால் நிறுவ முடியாது. சிந்தித்தபடி நடக்கும் ஒரு மனிதரைப் பார்த்து அரங்கம் ஆர்ப்பரிக்க வேண்டும் என்றால், அந்த ஆர்ப்பரிப்பை எழுப்பும் பொறுப்பு இசையிடம் வந்து சேர்கிறது. ஷ்யாமின் தீம் இசை சில நொடிகளிலேயே அதைச் செய்தது. மம்மூட்டி நடக்கத் தொடங்கும்போது மெட்டும் தொடங்கும். வழக்கு இனி அவிழ்ந்துவிடும் என்ற நம்பிக்கை பார்வையாளருக்கு வந்துவிடும். டூயட் பாடல்களை நம்பிப் படங்கள் விற்கப்பட்ட காலத்தில், பாடல்களைச் சாராமல் பின்னணி இசையாலேயே நினைவில் நின்ற படம் அது.

அந்த மெட்டைத் தந்தவர் தமிழகத்துக்காரர் என்பது பலர் அறியாத செய்தி. சாமுவேல் ஜோசப் என்ற இயற்பெயர் கொண்ட ஷ்யாம், 1937-ல் சென்னையில் பிறந்தவர். வயலின் கலைஞராக வாழ்க்கையைத் தொடங்கி, எம்.எஸ். விஸ்வநாதன், சலில் சௌத்ரி போன்றோரின் இசைக்குழுக்களில் பணியாற்றினார். தமிழில் 'மனிதரில் இத்தனை நிறங்களா' படப் பாடலால் இன்றும் நினைக்கப்படுகிறார். ஆனால் அவரது பெரும்பாலான உழைப்பு மலையாளத் திரையுலகுக்கே சென்றது. எல்லைக்கு அப்பால் அவர் அமைத்த மெட்டு, எல்லைக்கு இப்பாலும் மொழிபெயர்ப்பு தேவைப்படாமல் ஒலித்தது.

2022-ல் ஐந்தாவது படம் உருவானபோது ஷ்யாமுக்கு வயது 85. முதல் படத்தைத் தயாரித்தவர் எம். மணி, ஐந்தாவதைத் தயாரித்தவர் சுவர்க்கசித்ரா அப்பச்சன். இயக்குநர், எழுத்தாளர், நாயகன் மூவரும் மாறவில்லை. 2012-ல் சாலை விபத்தில் படுகாயமடைந்து திரையில் இருந்து ஒதுங்கியிருந்த ஜெகதி ஸ்ரீகுமார் கூட, விக்ரம் என்ற அதே அதிகாரியாக ஒரு காட்சியில் தோன்றினார். மாறிய முக்கியமான கை இசையமைப்பாளருடையது. அந்த இடத்துக்கு வந்தவர் ஜேக்ஸ் பிஜாய். தமிழ் ரசிகர்களுக்கு 2016-ல் வெளியான 'துருவங்கள் பதினாறு' மூலம் அறிமுகமானவர். 'ஐயப்பனும் கோஷியும்' படத்தின் இசையும் அவருடையது. துப்பறியும் கதைக்குரிய இருள் நிறைந்த ஒலியில் தேர்ந்தவர் என்பதால் இந்தத் தேர்வு வியப்பளிக்கவில்லை.

ஆனால் அவர் முன் இருந்த வேலை எளிதானதல்ல. ஷ்யாமின் மெட்டை விட்டுவிட்டால் திரையில் நடப்பவர் சேதுராமய்யராகத் தெரியமாட்டார். அப்படியே பயன்படுத்தினால், 1988-ன் ஒலி 2022-ன் காட்சியுடன் ஒட்டாது. ஜேக்ஸ் பிஜாய் மெட்டின் முதுகெலும்பை வைத்துக்கொண்டு வாத்தியங்களையும் தாள அமைப்பையும் புதுப்பித்தார். படத்தின் திரைக்கதை குறித்துக் கலவையான விமர்சனங்கள் எழுந்தன. எனினும் அந்த மெட்டு ஒலித்த இடங்களில் திரையரங்குகள் எப்படி அதிர்ந்தன என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பாட்டே படத்தை விற்ற காலம்

இதற்கு முன்னும் தென்னிந்தியாவில் துப்பறியும் தொடர்கள் இருந்தன. திருவனந்தபுரம் மாவட்டத்தின் சிறையின்கீழில் பிறந்த பிரேம் நசீர், பி. வேணு இயக்கிய 'சி.ஐ.டி. நசீர்' படத்தில் 1971-ல் துப்பறிவாளராக நடித்தார். அதற்கு இசை எம்.கே. அர்ஜுனன். தொடர்ந்து 1972-ல் வந்த 'டாக்ஸி கார்' படத்துக்கு இசை, ஏ.ஆர். ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர். தமிழில் ஜெய்சங்கர் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்று அழைக்கப்பட்டார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' ஆகியவற்றுக்கு வேதா இசையமைத்தார்.

இந்தப் படங்களின் பாடல்கள் இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன. ஆனால் அந்தத் துப்பறிவாளர்களின் 'நடை இசை' எது என்று கேட்டால் யாருக்கும் நினைவுக்கு வராது. அன்று இசையமைப்பாளரைத் தேர்ந்தது பாடல்களுக்காக. பின்னணி இசை பெரும்பாலும் படவெளியீட்டுக்கு முன் சில நாட்களில் அவசரமாக முடிக்கப்படும் வேலையாக இருந்தது. ஒரு படத்தின் இசை அடுத்த படத்துக்கும் தொடர வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை. எழுந்திருந்தால் 'சி.ஐ.டி. நசீர்' தொடருக்கு அர்ஜுனனோ சேகரோ ஒரு மெட்டைத் தந்திருப்பார்கள். இருவருக்கும் அந்த ஆற்றல் தாராளமாக இருந்தது.

250 பவுண்டும் 6 லட்சம் பவுண்டும்

உலகின் மிகப் புகழ்பெற்ற உளவுப்பட மெட்டு பிறந்த கதையில் ஒரு இந்தியத் தொடர்பு உண்டு. 1962-ல் முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டாக்டர் நோ'வுக்கு இசையமைக்கத் தேர்வானவர் மாண்டி நார்மன். டிரினிடாட் தீவில் வாழும் இந்திய வம்சாவளியினரைப் பற்றிய வி.எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை மேடை இசை நாடகமாக்குவதற்காக அவர் ஏற்கெனவே சில பாடல்களை அமைத்திருந்தார். அவற்றில் இந்திய வாசனை கொண்ட ஒரு மெட்டை எடுத்து, சுரங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து பாண்டுக்கான மெட்டாக மாற்றியதாக நார்மன் பின்னாளில் விளக்கினார்.

ஆனால் தயாரிப்பாளர்களுக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. இசைக்குழு நடத்திவந்த ஜான் பேரி என்ற இளைஞர் அழைக்கப்பட்டார். அவர் கிட்டார், பித்தளைக் குழல் வாத்தியங்களுடன் அதை மறுவடிவமைத்தார். விக் ஃபிளிக் வாசித்த அந்த கிட்டார் ஒலியைத்தான் உலகம் இன்று பாண்டாக அடையாளம் காண்கிறது. பேரிக்குக் கிடைத்த தொகை சுமார் 250 பவுண்ட். மெட்டின் ஆசிரியராகப் பதிவானவர் நார்மன். 1976 முதல் 1999 வரை மட்டும் அவருக்குக் கிடைத்த உரிமத் தொகை சுமார் 6 லட்சம் பவுண்ட் என்று செய்திகள் கூறின. மெட்டின் உண்மையான ஆசிரியர் பேரிதான் என்று 'சண்டே டைம்ஸ்' எழுதியதை எதிர்த்து நார்மன் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2001-ல் நடுவர் குழு அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது; 30,000 பவுண்ட் இழப்பீடு கிடைத்தது. சுரத்தை எழுதியவர் ஒருவர், அதற்கு உயிரூட்டியவர் மற்றவர் என்ற சிக்கலில் சட்டம் சுரத்தின் பக்கமே நின்றது.

பணத்தில் தோற்ற பேரி, வேலையில் வென்றார். 1963-ல் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' தொடங்கி 1987-ல் 'தி லிவிங் டேலைட்ஸ்' வரை 11 பாண்ட் படங்களுக்கு அவரே இசையமைத்தார். அவர் தொடர்ந்து அழைக்கப்பட்டதற்கான காரணம் 1969-ல் தெளிவாகப் புரிந்தது. ஷான் கானரி விலகி, ஜார்ஜ் லேசன்பி என்ற புதியவர் பாண்டாக வந்த படம் அது. முகம் அந்நியமாகிவிட்டதால், இசையில் பாண்டின் அடையாளத்தை வழக்கத்தைவிட அழுத்தமாகத் தர வேண்டியிருந்தது என்ற பொருளில் பேரி பின்னர் பேசியுள்ளார். நாயகன் மாறும்போது தொடரைத் தாங்கிப் பிடிப்பது இசை என்பதைத் தயாரிப்பாளர்கள் உணர்ந்த தருணம் அது.

இதற்கு நேரெதிரான சோதனை 1983-ல் நடந்தது. பாண்ட் தொடரின் வழக்கமான தயாரிப்பு நிறுவனத்துக்கு வெளியே, வேறொரு தரப்பு 'நெவர் சே நெவர் அகெய்ன்' படத்தை எடுத்தது. பாண்டாக நடித்தவர் அசல் பாண்டான ஷான் கானரி. இசை, பிரான்சின் பெரும் கலைஞர் மிஷேல் லெக்ராண்ட். குறை ஒன்றே ஒன்றுதான்: பாண்ட் மெட்டைப் பயன்படுத்தும் உரிமை அவர்களிடம் இல்லை. படம் வசூலில் தோற்கவில்லை. ஆயினும் அதைப் பாண்ட் வரிசையில் சேர்ப்பதற்கு ரசிகர்களுக்கு இன்றுவரை மனம் வருவதில்லை.

இயக்குநரின் ஆளா, தொடரின் ஆளா?

பேரி இல்லாத இடங்களில் வேறு வேறு காரணங்களுக்காக வேறு வேறு பெயர்கள் வந்தன. பிரிட்டனின் வரிச் சுமையில் இருந்து தப்ப அவர் வெளிநாட்டில் தங்கியிருந்ததும் அவற்றில் ஒன்று. பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1973-லும், மார்வின் ஹாம்லிஷ் 1977-லும், பில் காண்டி 1981-லும் இசையமைத்தனர். 1989-ல் மைக்கேல் கேமன் வந்தார்.

தேர்வு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1995-ன் 'கோல்டன்ஐ' நல்ல உதாரணம். பியர்ஸ் பிராஸ்னன் முதன்முதலாகப் பாண்டாக நடித்த அந்தப் படத்துக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் செரா, மின்னணு ஒலிகள் நிறைந்த நவீன இசையைத் தந்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் பாண்ட் டாங்கியை ஓட்டிச் செல்லும் காட்சியில் அந்த இசை எடுபடவில்லை. அந்தக் காட்சிக்கு மட்டும் ஜான் ஆல்ட்மன் என்பவரைக் கொண்டு, பாண்ட் மெட்டு முழங்கும்படி வேறு இசை பதிவு செய்யப்பட்டது. டாங்கி ஓடும்போது மக்கள் எதிர்பார்த்தது புதுமையை அல்ல.

அடுத்த படத்துக்கான ஆள் வந்த வழி வேறுவிதமானது. டேவிட் ஆர்னால்ட் பழைய பாண்ட் பாடல்களைப் புதிய பாடகர்களைக் கொண்டு மறுபதிவு செய்து ஓர் இசைத் தொகுப்பு தயாரித்திருந்தார். அதைக் கேட்ட ஜான் பேரியே, தயாரிப்பாளர் பார்பரா பிராக்கலியிடம் அவரைப் பரிந்துரைத்தார். 1997 முதல் 2008 வரை ஐந்து படங்கள் ஆர்னால்டின் கைக்கு வந்தன. 2006-ன் 'கசினோ ராயல்' அவரது பொறுமைக்குச் சான்று. பாண்ட் இன்னும் பாண்டாக முழுமையடையாத கதை என்பதால், படம் முழுவதும் மெட்டின் சாயலை மட்டும் காட்டிவிட்டு, நாயகன் தன் பெயரைச் சொல்லும் இறுதிக் கணத்தில்தான் முழு மெட்டையும் அவிழ்த்துவிட்டார். தொடரை உள்ளும் புறமும் அறிந்த ஒருவரால் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு அது.

அவருக்குப் பின் காற்று இயக்குநர்களின் பக்கம் வீசியது. 2012-ன் 'ஸ்கைஃபால்', 2015-ன் 'ஸ்பெக்டர்' ஆகியவற்றுக்கு இயக்குநர் சாம் மெண்டிஸ், 'அமெரிக்கன் பியூட்டி' காலத்தில் இருந்து தம்முடன் பணியாற்றிய தாமஸ் நியூமனை அழைத்து வந்தார். 'நோ டைம் டு டை' படத்துக்கு இயக்குநர் கேரி ஃபுகுனாகா, தமது முந்தைய படைப்புகளில் பணியாற்றிய டான் ரோமரைத் தேர்ந்தார். ஆனால் 2020 தொடக்கத்தில், படம் ஏப்ரலில் வெளியாக இருந்த நிலையில், ரோமர் விலக்கப்பட்டு ஹான்ஸ் ஜிம்மர் கொண்டுவரப்பட்டார். பெருந்தொற்று காரணமாகப் படம் 2021-ல்தான் வெளியானது வேறு கதை.

இப்படிக் கடைசி நேரத்தில் ஆள் மாறுவது ஏன்? படத்தயாரிப்பில் இசை கடைசிப் படிக்கட்டு. படப்பிடிப்பும் படத்தொகுப்பும் முடிந்த பிறகே முழு இசை எழுதப்படுகிறது. அதற்குள் படத்தொகுப்பாளர் காட்சிகளின் ஓட்டத்தைச் சோதிக்க, வேறு படங்களில் இருந்து தற்காலிக இசையைப் பொருத்தியிருப்பார். தொடர் படம் என்றால் அந்தத் தற்காலிக இசை பெரும்பாலும் அதே தொடரின் பழைய படத்துடையதாக இருக்கும். மாதக்கணக்கில் அதைக் கேட்டுப் பழகிய காதுகளுக்குப் புதியவரின் இசை முதல் முறை ஒலிக்கும்போது ஏதோ குறைவதுபோல் தோன்றும். வெளியீட்டுத் தேதியோ நெருங்கிவிட்டிருக்கும். அந்த நேரத்தில் தயாரிப்பாளர்கள் தேடுவது மேதையை விட, குறுகிய காலத்தில் முடித்துக் கொடுக்கும் அனுபவசாலியை. 1996-ல் 'மிஷன்: இம்பாசிபிள்' முதல் படத்திலும் இதுவே நடந்தது. ஆலன் சில்வெஸ்ட்ரிக்குப் பதிலாக டேனி எல்ஃப்மன் அமர்த்தப்பட்டு, சில வாரங்களில் இசையை முடித்தார்.

அடுத்த பாண்ட் படத்தை டெனி வில்நெவ் இயக்குவார் என்று அமேசான் எம்ஜிஎம் 2025 ஜூனில் அறிவித்தது. அவரது 'டியூன்' படங்களுக்கு இசையமைத்தவர் ஹான்ஸ் ஜிம்மர். 'பிளேட் ரன்னர் 2049' படத்தில் தமது பழைய கூட்டாளியான யோஹான் யோஹான்சனை மாற்றிவிட்டு ஜிம்மரையும் பெஞ்சமின் வால்ஃபிஷையும் அமர்த்தியவரும் இதே வில்நெவ்தான். தன் ஆளைக் கொண்டுவரவும், தேவையானால் மாற்றவும் தயங்காத இயக்குநர் என்பதை இது காட்டுகிறது.

ஐந்து எண்ணிக்கையில் ஓடும் மெட்டு

இசையமைப்பாளர்கள் மாறிக்கொண்டே இருந்தும் அடையாளம் குலையாத தொடருக்கு 'மிஷன்: இம்பாசிபிள்' சிறந்த உதாரணம். அர்ஜென்டினாவில் பிறந்த லாலோ ஷிஃப்ரின் 1966-ல் தொலைக்காட்சித் தொடருக்காக அமைத்த மெட்டு அது. எல்ஃப்மன், ஜிம்மர், மைக்கேல் ஜியாக்கினோ, ஜோ கிரேமர், லார்ன் பால்ஃப் எனப் பலரும் அதைக் கையாண்டனர். 2025-ல் வந்த படத்துக்கு மேக்ஸ் அருஜ், ஆல்ஃபி காட்ஃப்ரே இருவரும் இசையமைத்தனர்.

அந்த மெட்டு ஏன் எந்தக் கையிலும் உடைவதில்லை என்பதை நம் ஊர் இசை ரசிகர்களுக்கு விளக்குவது சுலபம். மேலைத் திரையிசையில் பெரும்பாலான மெட்டுகள் நான்கு எண்ணிக்கையில் ஓட, இது ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது. நமது கண்ட ஜாதிக்கு நெருங்கிய கணக்கு. பாறசாலை பொன்னம்மாளையும் நெய்யாற்றின்கரை வாசுதேவனையும் கர்நாடக இசைக்குத் தந்த இந்த வட்டாரத்தில், ஐந்தைக் கைவிரலில் எண்ணுவது புதிதல்ல. நீண்ட இரண்டு, குறுகிய இரண்டு என்று அமைந்த அந்தத் தாளம், தந்திக் குறியீட்டில் 'எம்', 'ஐ' ஆகிய எழுத்துகளின் வடிவத்தோடு ஒத்துப்போகிறது. வாத்தியம் மாறினாலும் வேகம் மாறினாலும் தாளக்கட்டு அடையாளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விக்ரமுக்கு ஏன் புதிய ஒலி?

மீண்டும் 2022-ன் ஜூன் மாதத்துக்கு வரலாம். சுஜாதாவின் கதையில், ராஜசேகர் இயக்கத்தில் 1986-ல் வந்த 'விக்ரம்' படத்துக்கு இசை இளையராஜா. அந்தப் படத்தின் முகப்புப் பாடல் அக்காலத்துத் தமிழ்க் காதுகளுக்கு முற்றிலும் புதிய ஒலியாக இருந்தது. 2022-ல் இயக்குநர் லோகேஷ் கனகராஜ், 'மாஸ்டர்' படத்தில் தம்முடன் பணியாற்றிய அனிருத்தை அழைத்தார். இங்கே தொடர் என்பதே வேறு. 1986-ன் 'விக்ரம்' ஒற்றைப் படமாக நின்றுவிட்டது. இடையில் தொடர்ச்சி இல்லை. புதிய படம் கதையளவில் 2019-ன் 'கைதி'யுடன் பிணைந்தது. அந்தப் படத்துக்கு இசை சாம் சி.எஸ். ஆகவே லோகேஷ் காக்க வேண்டியிருந்தது 36 ஆண்டு பழைய மெட்டை விட, தாம் புதிதாகக் கட்டிவந்த உலகத்தின் ஒலியை.

'விஸ்வரூபம்' வரலாறும் இதே திசையில்தான். 2013-ல் வந்த முதல் பாகத்துக்கு ஷங்கர்-எஹ்சான்-லாய் இசையமைத்தனர். 2018-ல் வெளியான இரண்டாம் பாகத்துக்கு ஜிப்ரான். இடைப்பட்ட காலத்தில் 'உத்தம வில்லன்', 'பாபநாசம்', 'தூங்காவனம்' என்று கமல்ஹாசனின் படங்களில் ஜிப்ரான் தொடர்ந்து பணியாற்றியிருந்தார். இயக்குநரும் நாயகனும் ஒருவரே என்னும்போது அவரோடு ஒத்துப்போகும் கலைஞர் தேர்வாவது இயல்பு.

இந்திப் படவுலகில் நிலைமை இன்னும் கிளை பிரிந்தது. அங்கே பாடல்களுக்கு ஒருவர், பின்னணி இசைக்கு மற்றொருவர் என்பது வழக்கம். யஷ் ராஜ் நிறுவனத்தின் உளவுப் படங்களில் 2012-ன் 'ஏக் தா டைகர்', 2017-ன் 'டைகர் ஜிந்தா ஹை' ஆகியவற்றின் பாடல்களை வெவ்வேறு கலைஞர்கள் அமைத்தாலும், பின்னணி இசை இரண்டிலும் ஜூலியஸ் பாக்கியம். 'பதான்' படத்தில் ரயில் சண்டைக் காட்சியில் சல்மான் கான் நுழையும்போது டைகரின் மெட்டு ஒலிக்க, அரங்கம் புரிந்துகொண்டது. மலையாளத்திலும் இந்தப் பிரிவினை புதிதல்ல. 'மணிச்சித்ரதாழ்' படத்தின் பாடல்கள் எம்.ஜி. ராதாகிருஷ்ணனுடையவை, பின்னணி இசை ஜான்சனுடையது. தொடர் படத்துக்கு இந்த முறை வசதியானது. ஆண்டுக்கு ஆண்டு மாறும் பாட்டு ரசனைக்கு ஒருவரையும், மாறாத அடையாளத்துக்கு ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம். தமிழில் இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருப்பதால், பாட்டு சந்தை கேட்கும் பெயரே பின்னணி இசையையும் தீர்மானித்துவிடுகிறது. தமிழ் உளவுப் படங்களுக்கு நின்று நிலைக்கும் ஒரு மெட்டு அமையாததற்கு இதுவும் காரணம் எனலாம்.

மெட்டு யாருடையது?

புதிய இசையமைப்பாளர் வரும்போது பழைய மெட்டை எடுத்துக்கொள்ள யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், யாருக்குப் பணம் தர வேண்டும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இந்தியாவில் இதன் வரலாறு கலைஞர்களுக்குச் சாதகமானதாக இருக்கவில்லை. கூலி கொடுத்து எழுதவைத்த படத்தின் இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 'ஒரு சிபிஐ டயரிக் குறிப்பு' வெளிவந்தபோது நடைமுறை அதுவே. ஊதியம் பெற்றதோடு பெரும்பாலான இசையமைப்பாளர்களின் பங்கு முடிந்தது.

2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும், திரையரங்கில் படத்தோடு ஒலிப்பதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான உரிமத் தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கை விட்டுக்கொடுக்க முடியாது என்று அந்தத் திருத்தம் வகுத்தது. தொலைக்காட்சி, வானொலி, இணையம் என்று மெட்டு எங்கெல்லாம் ஒலிக்கிறதோ அங்கெல்லாம் இது பொருந்தும். கைப்பேசி அழைப்பு ஒலியாகவும் இணையக் காணொலிகளின் பின்னணியாகவும் பழைய தீம் இசைகள் புது வாழ்வு பெற்றுள்ள காலத்தில் இது சிறிய தொகை அல்ல.

ஆயினும் தகராறுகள் ஓயவில்லை. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம், 1991-ன் 'குணா' படப் பாடலைப் பயன்படுத்தியதற்கு இளையராஜா தரப்பில் வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பப்பட்டது. தமிழ்ப் பாடல் ஒன்று மலையாளப் படத்தின் உயிர்நாடியாக மாறிய அந்தப் படத்தை எல்லைப்புற ரசிகர்கள் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில் இந்தச் சர்ச்சையும் நடந்தது. தொடர் படங்களைப் பொறுத்தவரை இனி ஒப்பந்தத்திலேயே இது பேசப்பட வேண்டியதாகிறது: மூன்றாம் பாகத்துக்கோ ஐந்தாம் பாகத்துக்கோ வேறொருவர் வந்தால், முதல் பாகத்தில் மெட்டமைத்தவரின் பெயர் திரையில் எங்கே இடம்பெறும், அவருக்குப் பங்கு எவ்வளவு என்பது.

பாண்ட் படங்களில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. யார் இசையமைத்தாலும் 'ஜேம்ஸ் பாண்ட் தீம்: மாண்டி நார்மன்' என்ற வரி பெயர்ப்பட்டியலில் வந்துவிடும். ஆர்னால்ட், நியூமன், ஜிம்மர் என்று கைகள் மாறியபோதும் அந்த வரி மாறவில்லை. சேதுராமய்யர் ஐந்தாம் முறையாகத் திரைக்கு வந்த அதே ஆண்டு ஜூலையில், 94-வது வயதில் நார்மன் காலமானார். சொந்தமாக அவர் முழு இசையமைத்த பாண்ட் படம் 'டாக்டர் நோ' ஒன்றுதான்.